இன்னொரு பிரேக்

காலையிலிருந்து மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

மருமகள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். அறுபதைத் தாண்டிய பிறகும் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்குகிற மனுஷி அவர். மெதுவா இறங்குங்க என்று யாராவது சொன்னால், "நீ மெதுவா வா, நான் கீழே காத்திருக்கேன்" என்று சிரிப்பார். அப்படிப்பட்டவர் இப்போது சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் கையை எங்கே ஊன்றலாம் என்று தேடுகிறார்.

காலில் ஒரு கோளாறும் இல்லை. டாக்டர் முட்டியில் தட்டிப் பார்த்தார், பாதத்தில் குத்திப் பார்த்தார், "இந்தக் காலை வச்சுக்கிட்டு நீங்க ஓட்டப்பந்தயத்துக்கே போகலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். டாக்டர் நம்பினார். காலுக்குச் சொந்தக்காரர்தான் நம்பவில்லை.

நடந்த கதை தெருவுக்கே தெரியும். அந்த ஊரில் கார் ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் மாமியார். வெளியே எல்லாருக்கும் அவர் டீச்சரம்மா. வீட்டின் கீழ்த்தளம்தான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. யாருக்கு எப்போது பாடம் என்று மேஜையில் உட்கார்ந்து பார்ப்பது மருமகள். கார்களைப் பராமரிப்பது மகன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட்டில் வெளி வண்டிகளையும் அவன் பழுது பார்ப்பான்.

போன வாரம், பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. சந்து முனையில் திரும்பும்போது அவள் பதறிப்போய், பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள். கற்றுக்கொள்கிறவர்கள் இப்படி மிதிப்பது சகஜம். அதற்காகத்தான் பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் இன்னொரு பிரேக் வைத்திருப்பார்கள். டீச்சரம்மா அதை மிதித்தார். கார் நிற்கவில்லை. அவர் கைப்பிரேக்கை இழுப்பதற்குள், கடையிலிருந்து தெருவில் இறங்கிய கடிகாரக்காரரைக் கார் இடித்துத் தள்ளிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து, மனிதர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் மாமியார் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. கார் மேலயும் தப்பு இல்ல. என் கால்தான் என்னை ஏமாத்திடுச்சு. பிரேக்கை மிதிச்சேன்னு நினைச்சேன். காத்தை மிதிச்சிருக்கேன்."

இப்படி ஒப்புக்கொள்கிறவர்கள் யார் இருக்கிறார்கள் என்று சிலர் மெச்சினார்கள். வயசான காலத்தில் வீட்டில் உட்காராமல் இவருக்கு எதற்கு இந்த வேலை என்று சிலர் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். இரண்டும் மாமியார் காதுக்கு வந்தது. இரண்டுக்கும் தலையாட்டினார்.

இன்றைக்கு அவருக்கு இரண்டு காரியங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கடிகாரக்காரரின் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு, காரைப் பார்வையிட வருகிற போக்குவரத்து அதிகாரியிடம் தன் லைசென்ஸை ஒப்படைக்க வேண்டும்.

"லைசென்ஸைக் குடுங்கன்னு அவர் கேக்கவே இல்லையே அத்தை."

"கேட்டப்புறம் குடுத்தா அது குடுத்த கணக்குல வராதும்மா."

"ஒரே ஒரு தடவை நடந்ததுக்காக..."

"அந்த ஒரு தடவைதானே அந்த மனுஷனைப் படுக்க வச்சிருக்கு." மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டார். வலது காலை உள்ளே நுழைத்த பிறகு, அது நிஜமாகவே நுழைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார். "பாடத்துக்கு வந்த பொண்ணோட மூக்குக் கண்ணாடி கார்லயே விழுந்துடுச்சாம். பாவம், போன்ல அழுதா. தேடி எடுத்து வை."

சரி என்றாள் மருமகள். அவர் கதவு நிலையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

கூடப் போயிருக்க வேண்டியவன் மகன். ஷெட்டில் அவசர வேலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டான். 'அப்புறம்' என்பதுதான் அவன் பேசின முதல் வார்த்தை என்று மாமியார் கேலி செய்வார். ஆனால் இந்த ஒரு வாரமாக அவனை யாரும் குறை சொல்ல முடியாது. தினமும் சாயங்காலம் அம்மாவின் வலது காலை மடியில் தூக்கி வைத்துத் தைலம் தேய்த்துவிடுகிறான். அதைப் பார்த்து மருமகளுக்கே கண் கலங்கியிருக்கிறது.

அவள் ஷெட்டுக்குப் போனபோது அவன் அங்கே இல்லை. இடித்த கார் மூலையில் நின்றது. ஒரு பக்க விளக்கு நொறுங்கி, பானெட் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. சாவி காரிலேயே தொங்கியது. மாமியார் உட்காரும் பக்கத்துக் கதவைத் திறந்து, சீட்டில் உட்கார்ந்து, குனிந்து கையால் துழாவினாள். கண்ணாடி ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் கிடந்தது. எட்டவில்லை. காலை ஊன்றி இன்னும் கொஞ்சம் எட்டினாள்.

ஊன்றிய கால் சட்டென்று கீழே போனது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாமியாரின் பிரேக் மீதுதான் கால் இருந்தது. மறுபடி மிதித்தாள். இல்லாத படியில் கால் வைத்தது போல அது தரைவரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது. மருமகளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் இந்தப் பக்கம் மிதித்தால் ஓட்டுகிறவர் பக்கத்துப் பிரேக்கும் சேர்ந்து இறங்கும் என்று தெரியும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இப்போது அந்தப் பக்கத்துப் பிரேக் அசையக்கூட இல்லை.

போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்தாள். இரண்டு பிரேக்குகளையும் இணைக்கும் இரும்புத் தண்டு ஒரு பக்கம் கழன்று தொங்கியது. போல்ட் இருக்க வேண்டிய ஓட்டையில் முறுக்கிய கட்டுக்கம்பி இருந்தது. பாதியில் அறுந்து போயிருந்தது.

அவள் அறுந்த நுனியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

சாப்பிடும்போது ஒருநாள் மாமியார் சொன்னது நினைவுக்கு வந்தது. "என் பக்கத்து பிரேக் லொட லொடன்னு ஆடுது. என்னன்னு பாரு." அப்புறம் பார்க்கிறேன் என்றான் மகன். சில நாள் கழித்து அவர் மறுபடி கேட்டார். "எல்லாம் பாத்தாச்சும்மா" என்றான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். விபத்து நடந்த அன்று காலையில் மாமியார் மேஜைக்கு வந்து, "வண்டி ரெடியா?" என்று கேட்டதும் நினைவுக்கு வந்தது. "ரெடி அத்தை, எல்லாம் பாத்தாச்சாம்" என்று சொன்னவள் அவள்தான். யாரையும் கேட்காமல், எதையும் பார்க்காமல், வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள்.

ஷெட் வாசலில் நிழல் தட்டியது. புருஷன் வந்துகொண்டிருந்தான். ஒரு கையில் ஸ்பானர். இன்னொரு கையை மூடி வைத்திருந்தான். அவளை அந்த சீட்டில் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அங்க என்ன பண்ற?"

"கண்ணாடி எடுக்க வந்தேன்."

"எடுத்துட்டியா?"

"அது இருக்கட்டும். உங்க கையில என்ன?"

"ஒண்ணுமில்ல. போல்ட்டு."

"எதுக்கு?"

"சும்மா. எதுக்காவது வேணும்ல."

அவள் பிரேக்கை மிதித்துக் காட்டினாள். டொக்கென்று தரையில் இடித்தது.

"இதுக்கா?"

அவன் ஒரு சுற்று யோசித்துவிட்டு, "இடிச்ச வேகத்துல அறுந்திருக்கும்" என்றான்.

"போல்ட்டு அறுந்திருக்கலாம். கம்பி எப்படி வந்துச்சு? இடிச்ச வேகத்துல அதுவா உள்ள வந்து கட்டிக்கிச்சா?"

"கத்தாதே. வெளிய கேக்கும்."

"கேக்கட்டும். நீ பண்ணின காரியம் எல்லாருக்கும் கேக்கட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். சண்டையிலும் அது மாறியதில்லை. இப்போது 'நீ' என்று வந்துவிட்டதை அவளும் கவனித்தாள், அவனும் கவனித்தான். அவள் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

"போல்ட்டு கடையில ஸ்டாக் இல்ல" என்றான் அவன். "வர்ற வரைக்கும் தாங்கட்டும்னு கம்பியால கட்டினேன். அப்புறம் வேலை மேல வேலை. மறந்துட்டேன். வேணும்னேவா செஞ்சேன்?"

"சரி, மறந்துட்ட. மனுஷன்னா மறப்பான். அத்தை சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நடக்குறாங்களே, அது தினமும் உன் கண்ணு முன்னாலதானே நடக்குது. அதையும் மறந்துட்டியா?"

அவன் ஸ்பானரைக் கை மாற்றினான்.

"சாயங்காலமானா அந்தக் காலை மடியில வச்சுத் தைலம் தேய்ச்சியே. எந்த நோய்க்குத் தேய்ச்ச? சொல்லு, நானும் தெரிஞ்சுக்கிறேன்."

"எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்."

"யார்கிட்ட? அம்மாகிட்டயா?" அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "உனக்கு அவங்களைப் பத்தி என்ன தெரியும்? கத்துக்க வந்தவங்க காரைக் கொண்டுபோய்ச் சுவத்துல சாத்தினாலும், பரவாயில்லம்மா, கத்துக்குவன்னு தட்டிக் குடுப்பாங்க. நான் சின்ன வயசுல ஒரு டம்ளரை உடைச்சேன். இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டறாங்க. இதைச் சொல்லிட்டு நான் இந்த வீட்ல தலை நிமிந்து இருக்க முடியுமா?"

அதில் பொய் இல்லை. ஊருக்கெல்லாம் பொறுமையாக இருக்கிற மாமியாருக்கு மகனிடம் மட்டும் அது பாதியில் தீர்ந்துவிடும். மருமகளே அதற்காக அவன் பக்கம் பேசியிருக்கிறாள். அந்த உண்மையை எடுத்து அவன் இப்போது கேடயமாகப் பிடித்ததுதான் அவளுக்கு ஆறவில்லை.

அவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு. அதிகாரி வர்றதுக்குள்ள இதை மாட்டிடறேன். நீ கொஞ்சம் இறங்கு. அம்மாவே கால்தான் காரணம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. அவங்களுக்கும் வயசாகுது. எப்படியும் ஒருநாள் நிறுத்தத்தானே வேணும்? இப்ப நிறுத்தினா யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் அவனையே பார்த்தாள். இவனுடன்தான் இத்தனை நாள் ஒரே தட்டில் பிஸ்கட் எடுத்துத் தின்றோமா என்று இருந்தது.

கை நீட்டிக் காரின் கதவைச் சாத்தினாள். பூட்டை அழுத்தினாள். பின்கதவுகள், ஓட்டுநர் பக்கத்துக் கதவு என்று எட்டி எட்டி எல்லாவற்றையும் பூட்டினாள். தொங்கிய சாவியைப் பிடுங்கித் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏய், என்ன விளையாட்டு இது? இறங்குடி."

"மாட்டேன்."

அவன் இந்தப் பக்கக் கதவை இழுத்தான். அந்தப் பக்கம் ஓடிப் போய் இழுத்தான். டிக்கியைத் தூக்கிப் பார்த்தான். வண்டிகளையே பிரித்து மேய்கிறவன், தன் பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிற வண்டியைத் திறக்க வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தான். வேறு ஒரு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். "நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. பயப்படாத. நீதான் சொல்லணும். அதிகாரிகிட்ட அப்புறம். முதல்ல உங்கம்மாகிட்ட. அதுவரைக்கும் நான் இதை விட்டு இறங்க மாட்டேன்."

"உள்ள வெந்து போயிடுவ."

"வேகறேன்."

தகரக் கூரைக்குக் கீழே காருக்குள் காற்றில்லை. முதுகு நனைந்து சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அவன் ஒரு பழைய டயர் மீது உட்கார்ந்து தரையைப் பார்த்தான். கெஞ்சினான். அதட்டினான். உனக்கும் எனக்கும் இனிமேல் பேச்சே இல்லை என்றான். அவள் எதற்கும் திரும்பவில்லை.

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பள்ளியின் இன்னொரு காரில் மாமியாரை அவருடைய மகள் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து வாசலில் இறக்கிவிட்டாள். விபத்துக்குப் பிறகு பாடமெல்லாம் அவள்தான் எடுக்கிறாள். "அடுத்த ஆள் காத்திருக்காங்கம்மா, நான் கிளம்பறேன்" என்று அவள் சொல்வதும், கார் திரும்பிப் போவதும் கேட்டது.

மாமியார் ஷெட்டின் தகரச் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அவ எதுக்குடா உள்ள உக்காந்திருக்கா?"

"கண்ணாடி தேடறா" என்றான் மகன்.

மாமியார் அவன் எழுந்து கொடுத்த டயரில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. யாரும் கேட்காமலே பேசினார்.

"கடிகாரக்காரரோட பொண்ணு நல்லா திட்டினா. வார்டே திரும்பிப் பாத்துச்சு. உங்க கால் உங்க பேச்சைக் கேக்கலைன்னா வீட்ல உக்கார வேண்டியதுதானே, எதுக்கு அடுத்தவன் உயிரை எடுக்கறீங்கன்னு கேட்டா. எங்கப்பா இனிமே எழுந்து நடப்பாரான்னு கேட்டா." வலது முட்டியைத் தடவிக்கொண்டார். "அவ கேட்டது நியாயம்தான். நீ சொல்றது சரிம்மான்னு சொல்லிட்டு வந்தேன். வேற என்ன சொல்றது."

மருமகள் கதவுக் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். புருஷனைப் பார்த்தாள்.

"அம்மா" என்றான் அவன்.

"என்ன?"

"ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லுடா. தலை விண் விண்ணுங்குது."

"இல்ல அத்தை" என்றாள் மருமகள். "இப்பவே சொல்லட்டும்."

சொன்னான். போல்ட் கிடைக்காததிலிருந்து ஆரம்பித்தான். கடைக்காரனைச் சொன்னான், வேலைப் பளுவைச் சொன்னான், கம்பி நல்ல கம்பிதான் என்றான். எல்லாவற்றையும் சுற்றிவிட்டுக் கடைசியில்தான், பிரேக் அறுந்திருந்தது என்ற இடத்துக்கு வந்தான்.

அவன் முடித்ததும் மாமியார் எழுந்தார்.

"இறங்கும்மா."

மருமகள் அதற்குள் தேடி எடுத்திருந்த மூக்குக் கண்ணாடியோடு, பூட்டைத் திறந்து இறங்கினாள். மாமியார் தன் சீட்டில் உட்கார்ந்தார். வலது காலைத் தூக்கி பிரேக் மீது வைத்தார். மிதித்தார். மறுபடி மிதித்தார். டொக், டொக் என்று அது தரையில் இடிப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கணம் அவர் முகத்தில் வந்தது நிம்மதிதான். மருமகள் அதைப் பார்த்தாள். அது வந்த வேகத்தில் போய்விட்டது.

காரை விட்டு இறங்கியபோது அவர் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

"இடிச்ச அன்னிக்கே உன்கிட்ட கேட்டேன். கார்ல ஏதாவது கோளாறு இருக்குமாடான்னு. கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க."

"நீ என்ன சொன்ன?"

அவன் வாய் அசைந்தது.

"சத்தமா சொல்லு. உன் பெண்டாட்டிக்கும் கேக்கட்டும்."

"கார் நல்லாத்தான் இருக்குன்னேன்."

"அதோட நிறுத்தினியா?"

"இல்ல."

"வேற என்ன சொன்ன?"

"வயசானா... வயசானா இப்படித்தான் ஆகும்மா, மனசை விட்டுடாதீங்கன்னு சொன்னேன்."

மருமகளுக்கு இது புதுசு. கையில் கிடைத்ததை எடுத்து அவன் மேல் எறியலாம் என்று இருந்தது. கையில் இருந்தது பாடத்துக்கு வந்த அந்தப் பெண்ணின் மூக்குக் கண்ணாடி.

"கம்பி கட்டினது கூட எனக்குப் பெருசில்லடா" என்றார் மாமியார். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது. "இந்த ஒரு வாரமா படியில இறங்கறப்போ எல்லாம், என் கால் எங்க இருக்குன்னு எனக்கே தெரியல. குளிக்கப் போனா கதவைப் பூட்டிக்க பயம். விழுந்தா யாரு வருவான்னு. உன்னைப் பெத்தப்போ கூட நான் இப்படி பயந்ததில்ல. அதை நீ பக்கத்துல இருந்து பாத்திருக்க."

"சொன்னா நீங்க என்னை மன்னிக்கவே மாட்டீங்கன்னு..."

"மன்னிக்க மாட்டேன்தான். இன்னிக்கு மாட்டேன். நாளைக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. அதுக்காக?"

மருமகள் முன்னால் வந்தாள். இப்போது சொல்லாவிட்டால் தானும் இவன் வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. "அத்தை, அன்னிக்கு வண்டி ரெடின்னு சொன்னது நான். பாக்காம, கேக்காம சொன்னேன். அது என் தப்பு."

மாமியார் அவளைப் பார்த்தார். "தப்புதான்" என்றார். இல்லை என்று சொல்லுவார் என்று எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்த மருமகளுக்குச் சுருக்கென்றது. "என் மேலயும் இருக்கு. ஏறி உக்காந்ததும் பிரேக்கை மிதிச்சுப் பாத்துட்டுத்தான் வண்டியை எடுக்கணும்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்தறவ நான். அன்னிக்கு மிதிச்சுப் பாக்கல. அதை நான் சொல்லத்தான் போறேன்."

மகன் நிமிர்ந்தான். அவன் கண்ணில் ஏதோ ஒரு நம்பிக்கை வந்ததை மாமியார் கவனித்துவிட்டார்.

"என் தப்பு என்னோடது. அதுக்குள்ள கொண்டுபோய் உன்னோடதை ஒளிச்சு வைக்கலாம்னு பாக்காத."

அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டிவிட்டு, "என் வீட்டம்மா உங்ககிட்டதான் கத்துக்கிட்டாங்க டீச்சரம்மா. இதுக்கு வர்றதுக்கே எனக்குச் சங்கடமா இருக்கு" என்றார்.

"சங்கடம் உங்களுக்கு எதுக்கு? போன தடவை நான் உங்ககிட்ட சொன்னது தப்பு. சரியானதை என் மகன் சொல்லுவான்."

அவன் சொன்னான். இந்த முறை கடைக்காரனும் வேலைப் பளுவும் வரவில்லை. பிரேக்கில் போல்ட் இல்லை, கம்பிதான் இருந்தது, எனக்குத் தெரியும், சொல்லாமல் மறைத்தேன் என்றான். அம்மாவும் தன் பங்கைச் சொன்னார். அதிகாரி காருக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"இது வேற மாதிரி போகுது தம்பி. நீங்க என்கூட ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும்."

"வரேன் சார்."

"அதுக்கு முன்னால ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்" என்றார் மாமியார். "காலையில நான் வாங்கின திட்டு இவனுக்குச் சேர வேண்டியது. போய் வாங்கிக்கட்டும்."

அதிகாரி தலையாட்டினார். கைகளைத் துடைத்துக்கொண்டே, வேலையோடு வேலையாகக் கேட்டார். "உங்ககிட்ட இன்னொரு வண்டி இருக்குல்ல? அதையும் ஒரு பார்வை பாத்துடறேன்."

"என் பொண்ணு பாடத்துக்கு எடுத்துட்டுப் போயிருக்கா. வந்துடுவா."

மருமகள் தற்செயலாகப் புருஷனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏன் அப்படி நிக்கற?" என்றாள்.

அவன் கார் போன பக்கம் பார்த்தான்.

"அதுலயுமா?"

"அதுல நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்கேன்" என்றான் அவன்.

முதலில் அசைந்தவர் மாமியார். போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாடம் நடக்கும்போது போனைத் தொடக் கூடாது என்பது அந்தப் பள்ளியின் சட்டம். அதைப் போட்டவரே அவர்தான். இன்னொரு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

"எந்தப் பக்கம் போயிருப்பாங்க?" என்றார் அதிகாரி, ஹெல்மெட்டை மாட்டியபடி.

"புது ஆளுன்னா மைதானம். இது பழைய ஆளு. மேம்பாலத்துல ஏத்தி இறக்கப் போயிருப்பா" என்றார் மாமியார்.

மேம்பாலத்து இறக்கம் எவ்வளவு செங்குத்து என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அதிகாரி அதற்குமேல் நிற்கவில்லை. மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டு கிளம்பியது.

ஷெட்டுக்கு வெளியே மகனுடைய சின்ன சரக்கு வண்டி நின்றது. அவன் அதை நோக்கி ஓடினான். மாமியார் பின்னாலேயே போய்க் கையை நீட்டினார்.

"சாவி."

"நான் ஓட்டறேன்மா."

"நீ ஓட்ட வேண்டாம். நீ போனைப் போட்டுக்கிட்டே வா."

மருமகள் நடுவில் ஏறிக்கொண்டாள். மாமியார் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சாவியை நுழைத்தார். திருப்பவில்லை. கண்ணாடி வழியாக நேராகப் பார்த்தபடி கேட்டார்.

"இன்னும் ஏதாவது மிச்சம் இருந்தா இப்பவே சொல்லிடு. வழியில சொல்லாத."

"இல்லம்மா. அவ்வளவுதான். சத்தியமா."

மாமியார் சாவியைத் திருப்பினார். நடுவில் உட்கார்ந்திருந்த மருமகள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும், அவன் சொன்னது உண்மையா பொய்யா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.